ராகு காலம் கழியட்டும் என்று பாகூருக்குச் சுற்றிப் போனோம்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் கடற்கரை, கடற்கரை என்றே ஓடுகிறார்கள். "கூட்டமில்லாமல் காரில் ஒரு காலைப் பொழுது சுற்றி வர நல்ல சாலையாக ஒன்று சொல்லுங்கள்" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. வில்லியனூரில் கிளம்பி, பழைய விழுப்புரம் ரோட்டில் மேற்கே மதகடிப்பட்டு வரை போக வேண்டும். அங்கே தெற்கே திரும்பி நெட்டப்பாக்கம், கரியமாணிக்கம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூரில் முடிக்கலாம். முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். மலை இல்லை, கடல் இல்லை. நெல்லும் கரும்பும் ஏரியும் புளிய மரமும்தான். சமவெளி என்றால் அலுப்பாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள், பிறகு பேசலாம்.

நான் முதல் தடவை இந்த வழியில் போனது எழுபதுகளின் கடைசியில், ஒரு தை மாத வெள்ளிக்கிழமை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த முதல் தடவைதான் வருகிறது, மற்றதெல்லாம் ஒதுங்கிக்கொள்கிறது. இது சந்தோஷமான பயணக் கட்டுரை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காகச் சாலை மேல் குற்றம் சொல்ல முடியாது. சாலை பாவம், அதன் பாட்டுக்குக் கிடந்தது.

அப்போது நான் புதுச்சேரி டவுனில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வீடு வில்லியனூர். தினமும் காலையில் டவுன் பஸ். அதே பஸ்ஸில் அருள்மொழி என்று ஒரு டீச்சர் வருவாள். பாகூர்க்காரப் பெண். வில்லியனூரில் சித்தி வீட்டில் தங்கி ஒதியம்பட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். வில்லியனூரில் ஏறினால் ஒதியம்பட்டு மூன்றே கிலோமீட்டர். எங்கள் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் அந்த மூன்று கிலோமீட்டருக்குள்தான் நடந்தாக வேண்டும். மாட்டு வண்டி குறுக்கே வந்து பஸ் நின்றால் எல்லாரும் வண்டிக்காரனைத் திட்டுவார்கள், எனக்கு மட்டும் கொண்டாட்டமாக இருக்கும். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, டிக்கெட் வாங்கி உட்கார்ந்ததும் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"கடலூர்லேர்ந்து என்னப் பொண்ணு பாக்க வராங்க. வெள்ளிக்கிழம பகல்ல. நான் அப்பாகிட்ட உங்களப் பத்திச் சொல்லிட்டேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "இன்னா சொன்னாரு?"

"திட்டல. 'வரச் சொல்லு, பாக்கறேன். வெள்ளிக்கிழம பத்தரைக்குப் பெரியவங்களோட வரட்டும்'னாரு. இதோ பாருங்க, அவங்களுக்கு முன்னால நீங்க வந்துடணும். எங்கப்பா ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டா அப்புறம் யாரு வந்து அழுதாலும் மாத்த மாட்டாரு."

"வந்துடறேன்" என்றேன். ஒதியம்பட்டு வந்துவிட்டது, இறங்கிவிட்டாள். இறங்கி நின்று, பஸ் கிளம்பும் வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் நின்றது அதுதான் முதல் தடவை.

என் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் பெரியப்பாதான். கோபக்காரர், ஆனால் மனசு வெல்லம். விஷயத்தைச் சொன்னதும் என்ன குதி குதிப்பாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். "டீச்சரா? நம்ம வூட்டுக்கு ஒரு படிச்ச மருமவ வந்தா ஆவாதா?" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அதோடு முடிந்தது. ஆனால் நேரத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் பஞ்சாங்கம் வைத்திருப்பார். அதைப் பிரிக்கக்கூட இல்லை.

"வெள்ளிக்கிழம பத்தரையா? பத்தரைக்கு ராகு காலம்டா ஆரம்பம்! பன்னெண்டு வரைக்கும் இருக்குது."

"அவரு அப்படித்தான் சொன்னாராம், பெரியப்பா."

"ஏதோ ஞாபகத்துல சொல்லியிருப்பாரு. பொண்ண வச்சிருக்கறவன் எவனாவது ராகு காலத்துல ஆளக் கூப்புடுவானா? நாம பத்து மணிக்கே போய் ஒக்காந்துடலாம். அவங்களுக்கும் கௌரவம், நமக்கும் கௌரவம்."

நியாயமாகத்தான் பட்டது. எனக்குத் தெரிந்த உலகத்தில் ராகு காலத்தில் யாரும் பல் துலக்கக்கூட யோசிப்பார்கள், பெண் பார்க்க வரச் சொல்வார்களா? அருள்மொழியிடம் மறுபடி கேட்கவும் வழியில்லை, புதன்கிழமையே அவள் லீவு போட்டுப் பாகூர் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்குக் கார் வருவதாக ஏற்பாடு. காதர் என் பள்ளிக்கூடத்து நண்பன். அவன் அப்பாவுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் அரிசி மண்டி. மண்டிக்கு ஒரு பழைய அம்பாசடர் உண்டு. "பெட்ரோல் போட்டுக்கோடா, நானே ஓட்டறேன். ஜும்மா தொழுகைக்கு மட்டும் திரும்பி வந்துடணும்" என்று சொல்லியிருந்தான். வில்லியனூரிலிருந்து பாகூர் மங்கலம், ஏம்பலம் வழியாக நேராகப் போனால் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். அன்றைய ரோட்டில், அந்த வண்டியில், முக்கால் மணி நேரம். பத்து மணிக்குச் சரியாகப் போய்விடலாம்.

ஒன்பதேகாலுக்குக் கார் வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பத்து மணிக்கு மேல்தான் தெருமுனையில் ஆரன் சத்தம் கேட்டது. காதர் வியர்த்து விறுவிறுத்து இறங்கினான். அவன் அப்பா விடிகாலையில் ரைஸ் மில்லுக்கு வண்டியை எடுத்துப் போய்விட்டாராம், டிக்கியில் இன்னும் தவிடு இருந்தது. "மன்னிச்சுக்கோடா மோகனு, அத்தாகிட்ட நேத்தே சொல்லி வச்சேன், மறந்துட்டாரு" என்றான். அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

அம்மா தட்டோடு பின்சீட்டில் ஏறினாள். தட்டில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு பந்து மல்லிகைப்பூ, ஒரு பாட்டில் பன்னீர். நான் அவள் பக்கத்தில். பெரியப்பா முன்சீட்டில். வண்டி கிளம்பும்போது பத்தேகால். கோயில் தெருவைத் தாண்டி மங்கலம் பக்கம் திரும்பப் போன காதரின் கையைப் பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

"இருடா. இப்டியே நேரா போனா பதினோரு மணிக்குப் போய்ச் சேருவோம். நட்டநடு ராகு காலம்."

"கெளம்பிட்டோமே பெரியப்பா" என்றேன்.

"கெளம்பனது ராகு காலத்துக்கு முன்ன. அது சரியாத்தான் இருக்குது. நுழையறது ராகு காலத்துக்குப் பின்ன இருக்கணும். நடுவுல நாம ரோட்டுல இருந்தா ராகு நம்மள இன்னா பண்ணும்?"

"அதுக்குள்ள கடலூர்க்காரங்க வந்துடுவாங்க."

"அவங்க மட்டும் ராகு காலத்துலயா வருவாங்க? அவங்களும் மனுஷங்கதானே. பன்னெண்டு அடிச்சதும் மொத ஆளா நாம உள்ள நுழையறோம்."

காதர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். "பாகூர் போயி எங்கனா மரத்தடியில நின்னுக்கலாமே, பெரியப்பா?"

"ஊருக்குள்ள வண்டி நின்னா நாலு பேரு பாப்பான். 'வந்து நிக்கறாங்க, உள்ள வர மாட்டேங்கறாங்க'ன்னு பொண்ணு வூட்டுல போயி சொல்லுவான். மரியாதையா இருக்குமா? வண்டிய மேற்கால வுடு. மதகடிப்பட்டு, நெட்டப்பாக்கம் சுத்திக்கினு போலாம். சரியா இருக்கும்."

அம்மா என் முழங்கையைத் தொட்டு, "வுடுடா, பெரியவரு சொல்றாரு" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்ன கணக்கில் ஓட்டையும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் சொந்தத்தில், தெருவில், அலுவலகத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது. யாரும் தப்பாக எதையும் சொல்லவில்லையே!

இப்படியாக எங்கள் சுற்றுப்பயணம் தொடங்கியது.

ஆரியப்பாளையம் பாலத்தில் வண்டியை மெதுவாக விடுங்கள். கீழே சங்கராபரணி. தை மாசத்தில் தண்ணீர் ஓர் ஓரமாக ஓடும், மீதி ஆறு முழுக்க வெள்ளை மணல். அன்றைக்கு மணலில் சலவைக்காரர்கள் வரிசையாகத் துணி காயப் போட்டிருந்தார்கள். பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் புளிய மரங்கள், அடியில் வெள்ளைப் பட்டை அடித்தவை, மேலே கிளைகள் கோத்துக்கொண்டிருக்கும். பகல் பத்தரை மணிக்கும் ரோட்டில் வெயில் விழாது.

கொஞ்ச தூரத்தில் கண்டமங்கலம். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கை. புதுச்சேரி மண் ஒரே துண்டாகக் கிடையாது. பத்து நிமிஷம் ஓட்டினால் தமிழ்நாடு வரும், இன்னும் பத்து நிமிஷத்தில் மறுபடி புதுச்சேரி வரும். "கண்ண மூடிக்கினு ஓட்டினாகூட எந்த ஸ்டேட்ல இருக்கறோம்னு என் முதுகு சொல்லிடும்" என்பான் காதர். தார் அப்படி மாறும். அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. புதுச்சேரி எல்லை முடிகிற இடம் எல்லாவற்றிலும் ஒரு சாராயக் கடை இருக்கும், அதைத் தாண்டியதும் ஒரு செக்போஸ்ட் இருக்கும். நேர் வழியில் போயிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார். டிக்கியைத் திறக்கச் சொல்லித் தவிட்டைக் கிளறிப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்தார். அம்மாவின் மடியில் தட்டு, தட்டில் பாட்டில்.

"இன்னாம்மா அது?"

"பன்னீரு சார்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. தொறங்க."

திறந்து மோந்து பார்த்தார். நம்பிக்கை வராமல் உள்ளே இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் மோந்து பார்த்தார். பெரியப்பா இறங்கி, "பொண்ணு பாக்கப் போறோம்யா, சாராயத்த தட்டுல வச்சிக்கினா போவாங்க?" என்று சத்தம் போட, அவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. சீட்டுக்கு அடியில், சீட்டுக்குப் பின்னால், என்ஜினுக்குள் எல்லாம் தேடினார்கள். இருபது நிமிஷம் போயிற்று. கடைசியில் அந்தக் கான்ஸ்டபிள் கையில் கொஞ்சம் பன்னீர் தெளித்துக்கொண்டு, "நல்லபடியா முடியட்டும், போங்க" என்றார். நல்ல மனுஷன்தான், அவரையும் குறை சொல்ல முடியாது.

திருபுவனை தாண்டி மதகடிப்பட்டில் நிறுத்தி டீ குடித்தோம். செவ்வாய்க்கிழமை என்றால் இங்கே சந்தையில் மாடும் மனுஷனுமாக நிற்க இடமிருக்காது. வெள்ளிக்கிழமை காலி மைதானம். பெரியப்பா டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். டீக்கடைச் சுவரில் கடிகாரம் பதினொன்று காட்டியது. காதர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"டேய், இப்பவும் சொல்லு. ஒரே மிதி மிதிக்கறேன். பன்னெண்டுக்குள்ள கொண்டு போயி வூட்டு வாசல்ல நிறுத்தறேன். அவரு கத்தனா கத்தட்டும்."

நான் பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். "நிறுத்திக்கோ, வாசல்லயே ஒக்காந்திரு. நான் உள்ள வர மாட்டேன்" என்றார். பெரியவர் இல்லாமல் நானும் அம்மாவும் மட்டும் போய் என்ன பேசுவது? வாக்குக் கொடுக்கவும் வாங்கவும் அவர்தான் வேண்டும். திரும்பி வந்து வண்டியில் ஏறினேன்.

மதகடிப்பட்டில் தெற்கே திரும்பியதிலிருந்து நெட்டப்பாக்கம் வரை ஒன்பது பத்து கிலோமீட்டர். இந்த வழியிலேயே அழகான பகுதி இதுதான், இதை எழுதத்தான் எனக்குக் கை தயங்குகிறது. ரோடு ஒற்றை வண்டி அகலம். இரண்டு பக்கமும் கரும்பு, ஆள் உயரத்துக்கு மேல். தை கடைசியில் கரும்பு பூத்திருக்கும். பார்த்திருக்கிறீர்களா? வெள்ளி மாதிரி மினுக்கும், காற்று அடித்தால் வயல் முழுக்க ஒரே பக்கமாகச் சாயும். சர்க்கரை ஆலைக்குப் போகிற மாட்டு வண்டிகள் எங்களுக்கு முன்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒதுங்க இடமில்லை. அவற்றின் பின்னாலேயே ஊர்ந்தோம். கரும்புச் சாறு வாசனையும் மாட்டுச் சாணி வாசனையும் சேர்ந்து காருக்குள் வந்தது.

அம்மா அதற்கு முன் காரில் ஏறியதே இல்லை. வில்லியனூர், புதுச்சேரி ஆஸ்பத்திரி, மாமா வீட்டுக் கல்யாணங்கள், அவ்வளவுதான் அவள் பார்த்த ஊர்கள். ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தவள் திடீரென்று, "இவ்ளோ பச்ச நம்ம பக்கத்துலயே இருக்குதாடா? எனக்கு யாரும் சொல்லவே இல்லியே!" என்றாள். ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி முகம் கழுவினாள். ஏரி முழுக்க கொக்கு. ஒன்று கிளம்ப, எல்லாம் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்கார்ந்தன. அம்மா கையைத் தட்டிச் சிரித்தாள். அப்பா போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கலாமா?" என்று என்னைத்தான் கேட்டாள். இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் கடலூர் ஞாபகம் வரவில்லை, அதுதான் உண்மை.

இந்தப் பயணத்தை வெறுத்துவிடலாம் என்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த ஏரிக்கரை விட மாட்டேன் என்கிறது.

கரியமாணிக்கம் பக்கம் அறுவடை முடிந்து ரோட்டிலேயே கதிரைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி நெல் உதிர்ந்துவிடும், அடிக்கிற கூலி மிச்சம். காதர் அதன் மேல் வழுக்காமல் மெதுவாக ஓட்டினான். ஒரு பெண்பிள்ளை முறத்தைக் காட்டி, "இன்னொரு வாட்டி பின்னால வந்து போ, பாய்!" என்று கிண்டல் செய்தாள். கரிக்கலாம்பாக்கம் வந்தபோது பன்னிரண்டு அடித்துவிட்டது. நேர் வழியும் சுற்று வழியும் அங்கேதான் வந்து சேருகின்றன. பெரியப்பா தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "பாத்தியா? தடங்கல் இல்லாம கழிஞ்சிடுச்சி. இப்ப மிதிடா காதரு" என்றார்.

பாகூருக்குள் நுழையும்போது பன்னிரண்டேகால்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சட்டை, நரைத்த மீசை. காரைப் பார்த்ததும் எழுந்தார். அவர் எழுந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வாங்க, வாங்க" என்று கைகூப்பினார். "நான்தான் பொண்ணோட அப்பா. பத்தரைக்கு வரச் சொன்னேனுங்களே?"

பெரியப்பா கம்பீரமாகச் சிரித்தார். "ராகு காலம் பாருங்க. அதான் கழிச்சிட்டு வந்தோம்."

அவர் பெரியப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ தூரத்தில் இருக்கிற எழுத்தைப் படிக்கிறவர் மாதிரி பார்த்தார்.

"நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்களே" என்றார். "எங்க வூட்டுல எல்லாம் சுயமரியாதைக் கல்யாணம்தான். அவங்களும் அப்டித்தான். பதினொண்ணரைக்கே வந்துட்டாங்க. நான் உடனே பேச்ச எடுக்கல. பொண்ணு ஆசப்பட்டது உங்க தம்பி மவனத்தான். பத்து மணிலேர்ந்து இந்த வெயில்ல இங்கயேதான் ஒக்காந்திருந்தேன், கார் சத்தம் வருதான்னு. பன்னெண்டு அடிக்கற வரைக்கும் பாத்தேன். இனிமே வர மாட்டாங்க, மனசு மாறிட்டாங்கன்னு நெனச்சிக்கினேன். இப்பத்தான் வாக்குக் குடுத்துட்டு வந்து ஒக்காந்தேன்."

பெரியப்பா தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம், "இப்பத்தானே குடுத்தீங்க... கால் மணி நேரம்..." என்று ஆரம்பித்தார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"வாக்குங்களே" என்றார் அவர்.

ஒன்றரை வருஷம் அவளோடு பேசியிருக்கிறேன். சம்பளம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிடித்த குழம்பு, அவள் தம்பி படிப்பு, எல்லாம் தெரியும். சாமி உண்டா, பஞ்சாங்கம் உண்டா என்று பேச்சு வந்ததே இல்லை. மூன்று கிலோமீட்டரில் அதற்கெல்லாம் எங்கே நேரம்?

உள்ளே கூப்பிட்டார்கள். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. கூடத்தில் கடலூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், எழுந்து எங்களுக்கு இடம் விட்டார்கள். யாரோ உறவுக்காரர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சுவரில் ஒரு சாமி படம்கூட இல்லை. அம்மாவுக்குத் தட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அருள்மொழியின் அம்மாவிடம் நீட்டி, "பொண்ணுக்குக் குடுங்க. பூ வாடிடும்" என்றாள்.

அருள்மொழி தண்ணீர் கொண்டு வந்தாள். முதலில் பெரியப்பாவுக்கு, அப்புறம் அம்மாவுக்கு, கடைசியில் எனக்கு. அழுது முகம் கழுவியிருந்தாள். தம்ளரைக் கொடுக்கும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எங்க போனீங்க?"

"மதகடிப்பட்டு, நெட்டப்பாக்கம் வழியா வந்தோம்" என்றேன்.

"அது சுத்து வழியாச்சே" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பள்ளிக்கூடத்துப் பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் டீச்சர் அப்படித்தான் தலையை ஆட்டுவாள். அதற்குப் பிறகு அவள் ஒதியம்பட்டுக்கு வரவில்லை, வேலையை விட்டுவிட்டுக் கல்யாணமாகிக் கடலூருக்குப் போனதாகச் சித்தி வீட்டில் சொன்னார்கள். அந்த டவுன் பஸ்ஸில் நான் இன்னும் பல வருஷம் போனேன்.

திரும்பும்போது காதர் யாரையும் கேட்கவில்லை, நேர் வழியில் விட்டான். கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம், மங்கலம். நல்ல ரோடு, செக்போஸ்ட் இல்லை, கரும்பு வண்டி இல்லை. நாற்பது நிமிஷத்தில் வில்லியனூர்க் கோபுரம் தெரிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. காதருக்கு ஜும்மா போய்விட்டது, அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தெருமுனையில் இறங்கும்போது பெரியப்பா, "நல்லதுக்குத்தான்டா செஞ்சேன்" என்றார். "தெரியும் பெரியப்பா" என்றேன். தெரிந்து என்ன பிரயோஜனம்?

சரி, போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தை கடைசியிலிருந்து மாசி நடுவரைதான் நல்ல பருவம். கரும்புப் பூவும் ஏரியில் தண்ணீரும் ஒன்றாகக் கிடைப்பது அப்போதுதான். காலை எட்டு மணிக்குள் வில்லியனூரை விட்டுவிடுங்கள். விழுப்புரம் ரோடு இப்போது அகலமாகிவிட்டது, நான் சொன்ன புளிய மரங்களைத் தேடாதீர்கள், அவை இல்லை. ஆனால் மதகடிப்பட்டில் தெற்கே திரும்பிவிட்டால் இன்றைக்கும் ஒற்றைச் சாலையும் கரும்பும்தான். மாட்டு வண்டிக்குப் பதில் டிராக்டர்கள் முன்னால் போகும், ஆரன் அடித்துப் பயனில்லை, பொறுமையாகப் பின்னால் போங்கள். சந்தை பார்க்க ஆசை இருந்தால் செவ்வாய்க்கிழமை வையுங்கள், இல்லையென்றால் செவ்வாயைத் தவிருங்கள். வழியில் பெரிய ஓட்டல் கிடையாது, மதகடிப்பட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வயதான அம்மா இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். பாகூரில் யாராவது உங்களுக்காகக் காத்திருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம், ஏம்பலம் வழியாகப் போய்விடுங்கள்.

இரண்டு வருஷம் கழித்து மண்ணாடிப்பட்டுப் பக்கம் திருக்கனூரில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். இன்றைக்கு என் மனைவியாக இருக்கிறவளின் வீடுதான். நாளும் நேரமும் பெரியப்பாவே சொன்னார். திங்கட்கிழமை, முதல் பஸ். பஞ்சாங்கத்தை அவர் வெளியில் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டு மணிக்கெல்லாம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றோம். பெண்ணின் அப்பா வெளியே வந்தார், எங்களைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். "தப்பா நெனச்சிக்காதீங்க, ஒரு மணி நேரம் இப்டியே நின்னுக்கறீங்களா? கழிஞ்சதும் கூப்புடறேன்" என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெரியப்பா அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. மூடிய கதவுக்கு நேராக, ஓர் அடிகூட ஒதுங்காமல் நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தோள்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்து, ரகசியமாகக் கேட்டார்.

"நேரத்தோட வந்துட்டோம் இல்லடா?"